கழுவியும் போகாத லேபல்

ஆயுத பூசைக்கு முதல் நாள், சனிக்கிழமை, இராஜசிங்கம் தன் ஆயுதங்களைக் கழுவினார். சுவிற்சர்லாந்தில் ஓர் இன்டர்லாக்கன் ஹோட்டலில் பாத்திரம் கழுவி, நிலவறையையும் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆயுதம் என்ன? சட்டி, கத்தி, அப்புறம் நிலவறையில் தூசி மூடிக் கிடந்த இருபத்துநாலு வைன் போத்தல்கள். யாழ்ப்பாணத்தில் போத்தலை ஊறவைத்து, கடதாசியை உரித்துப் பளிச்சென்று ஆக்கினால்தான் அது போத்தல், நல்லெண்ணெய் விடலாம். அதே பக்தியோடு சோடாத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டார். இருபத்துமூன்று லேபல்கள் தாமாகவே மிதந்து வந்தன. ஒன்று மட்டும் அசையவில்லை. கம்பிநாரால் தேய்த்தும் மசியவில்லை. போகட்டும் என்று எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

மரக்கறி வெட்டும் பாலச்சந்திரன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? இது அறுபத்தோராம் ஆண்டு இத்தாலி வைன்!"

"தூசியோடயோ விக்கிறவை?"

"தூசிக்குத்தான் அண்ணை விலையே!"

முதலாளி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "திங்கட்கிழமை தருவதாகச் சொன்ன கடிதத்தை மறந்துவிடு" என்றார். இவருடைய வேலைக்கு வேறு ஆளில்லை என்று வெளிநாட்டவர் பொலிஸுக்கு எழுதும் கடிதம் அது. அது இல்லையென்றால் இராஜசிங்கம் கொழும்புக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

அன்று பின்னேரமே அந்த வைனைச் செய்த பெர்தோலினோ குடும்பத்தின் மகள் தெரேசா வந்து இறங்கினார். அப்பாவின் நூறாவது பிறந்தநாளுக்கு, அவர் செய்த அறுபத்தோராம் ஆண்டு வைனைத் திருப்பி வாங்கிப் போக வந்தவர். அவர்கள் வீட்டில் அது ஒரு சொட்டும் மிச்சமில்லை. மேசையில் பொட்டும் பளபளப்புமாக நின்ற போத்தல்களைப் பார்த்து அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

இராஜசிங்கம் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார். "அம்மா, ஒண்டு மட்டும் கழரேல்லை. எவ்வளவோ உரஞ்சிப் பாத்தன்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

தெரேசா அந்த ஒன்றை எடுத்து லேபலை நகத்தால் சுரண்டினார். "பால்திரட்டும் சுண்ணாம்பும் குழைத்து அப்பாதான் பசை செய்வார். சமையலறை மேசையைச் சுற்றியிருந்து நாங்கள் எல்லோரும் ஒட்டுவோம். போத்தலை உடைத்தாலும் லேபல் போகாது." பிறகு மற்ற இருபத்துமூன்றையும் பார்த்தார். ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்து, பக்கத்திலிருந்த பூச்சாடிக்குள் துப்பினார். "இவை எங்களுடையவை இல்லை."

இவற்றை விற்ற மிலானோ வியாபாரி பத்து வருடங்களாக முதலாளியை ஏமாற்றியிருக்கிறார். முதலாளி தெரியாமலே விருந்தினரை ஏமாற்றியிருக்கிறார். தெரேசா அந்த ஒரு போத்தலைப் பொட்டோடு கைப்பையில் வைத்துக்கொண்டார். "இவர் கழுவியிராவிட்டால் அப்பாவின் பிறந்தநாளில் யாரோ ஒருவரின் வைனைக் குடித்திருப்போம்" என்றார்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. பாலச்சந்திரன் வாசித்துக் காட்டினான்: போலி வைனைக் கண்டறிவதில் இவருக்கு நிகரான ஆள் சுவிற்சர்லாந்தில் இல்லை.

வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தறியாத இராஜசிங்கம் அழுதுவிட்டார். கொஞ்சம் தேறியதும் சந்தனக் கிண்ணத்தைத் தேடினார்.

"இதுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டோ?"

பாலச்சந்திரன் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "வைக்கலாம் அண்ணை. ஆனா கழுவிப்போடாதேங்கோ."