டன்லின் கப்பலின் இரண்டாம் உத்தியோகம்

அரசாங்கத்துக்குச் சலித்துப்போன கப்பல் அது. பத்துப் பீரங்கிகளோடு பதினோரு வருஷம் சண்டைக்கு அலைந்த டன்லினைக் கடற்படை கழித்துக்கட்டியபோது, ஹல் துறைமுகத்து வியாபாரி ஒருவர் வாங்கித் திமிங்கில வேட்டைக்கு அனுப்பினார். பீரங்கி நின்ற இடத்திலெல்லாம் இப்போது கொழுப்புப் பீப்பாய்கள். ஜெபெஸ் கார்பட்டுக்கு அதில் பரம திருப்தி. கடற்படைக்காரர்கள் அவனை வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போய் ஏழு வருஷம் வேலை வாங்கியது இதே கப்பலில்தான். இங்கேயே கட்டிவைத்து முதுகை உரித்தார்கள். இன்று அவன் இதில் திமிங்கிலத்தின் மேல் ஈட்டி எறியும் ஈட்டிக்காரன். கப்பல் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. அது மட்டும் என்ன, விரும்பியா சண்டைக்குப் போனது!

கிரீன்லாந்துக் கடலில் ஏழு திமிங்கிலங்களை அடித்துவிட்டுத் திரும்பி, ஹல்லுக்குப் போகும் ஹம்பர் ஆற்றுவாய் தெரிகிற நேரத்தில், ராஜாவின் போர்க்கப்பல் ஒன்று வழிமறித்தது. பிரெஞ்சுக்காரனோடு சண்டை இன்னும் ஓயவில்லை. கடற்படைக்கு ஆள் வேண்டும், வருகிற கப்பலிலெல்லாம் மாலுமிகளைப் பிடித்துப்போவார்கள்.

கேப்டன் தர்ஸ்க் தன் அறைக்குள் போய், சாவியைக் கார்பட்டிடம் நீட்டினார். ஹல் கப்பல்களில் இது வழக்கம்தான். மாலுமிகள் அவரைப் பூட்டிவைத்துவிட்டுத்தான் கடற்படையை எதிர்த்தார்கள் என்றால், பிற்பாடு எந்த நீதிபதியும் கேப்டனைக் கேள்வி கேட்க முடியாது.

"நல்லா இறுக்கிப் பூட்டுப்பா. போன தடவை கதவு தானா திறந்துக்கிச்சு, மானமே போச்சு," என்றார்.

படகில் இருபது பேரோடு வந்த கடற்படை அதிகாரி கீழே நின்றபடி பேசினார். ஈட்டிக்காரர்களுக்கு மட்டும், கடற்படைக்குப் பிடிக்கக் கூடாது என்று சட்டப்படி விலக்குச் சீட்டு உண்டு. கப்பலில் அப்படி ஆறு பேர். அவர்கள் ஒதுங்கி நிற்கட்டும், மற்ற முப்பது பேரும் இறங்கட்டும் என்றார்.

கார்பட்டின் கை தானாகவே சட்டைக்குள் இருந்த சீட்டைத் தொட்டது. பயம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அது இல்லாவிட்டால் எந்தத் தெருமுனையிலும் அவனைப் பிடிக்கலாம். இன்னொரு ஏழு வருஷத்தை அவன் முதுகு தாங்காது.

சீட்டை எடுத்து ஈட்டி முனையில் குத்தி, அதிகாரியின் மூக்குக்கு நேரே இறக்கினான்.

"இந்தாங்க ஐயா, நீங்களே வச்சுக்கோங்க. இப்ப சீட்டு இல்லாதவங்க முப்பத்தோரு பேரு. மேல வந்து பிடிங்க."

பக்கத்தில் இன்னும் ஐந்து ஈட்டிகள் இறங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பின்னால் கொழுப்பு வெட்டும் நீளக் கத்திகளோடு மற்ற முப்பது பேர்.

"இது ராஜாவோட கப்பலா இருந்தது, ஞாபகம் வச்சுக்கோ," என்றார் அதிகாரி.

"இருந்துச்சுங்க. நானும் ராஜாவோட ஆளாத்தான் இருந்தேன். ரெண்டு பேரும் விட்டுட்டு வந்துட்டோம்."

ஆளைப் பிடித்துவரத்தான் அவருக்கு உத்தரவு. பிணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஆறு சீட்டையும் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். படகு தன் கப்பலைச் சேருவதற்குள் டன்லின் பாய் விரித்து ஆற்றுவாய் மணல்திட்டைக் கடந்துவிட்டது. கரையோரச் சண்டைக்கென்று கட்டிய சின்னக் கப்பல், அதற்கு ஆழம் வேண்டியதில்லை. பெரிய கப்பல் வெளியிலேயே நின்றது.

கரை சேர்ந்ததும், இருட்டும்வரை கப்பலிலேயே பதுங்கி இரு என்று அறையிலிருந்து வெளியே வந்த கேப்டன் சொல்லிப் பார்த்தார். கார்பட் கேட்கவில்லை. பட்டப்பகலில், நடுத்தெருவில், ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். முப்பது பேரும் கத்தியோடு அவன் வாசல்வரை கூடவே வந்தார்கள். துணைக்கு வரச்சொல்லி யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.