கரிக்கோல் ஓய்ந்த ஏழு நாள்

காலைக் கதிர் மாடிதோறும் படர்ந்து, கீழே கடைகள் ஒவ்வொன்றாய்க் கதவு திறக்க, வண்டிகளின் ஓசையும் பள்ளி செல்லும் சிறாரின் ஆரவாரமும் கலந்து மேலெழும் அந்நேரத்தில், பெருந்தெருவின் மூன்றாம் மாடி அறையொன்றில், தொண்ணூற்றிரண்டு அகவை நிறைந்த இரட்டையர் இருவர் எதிரெதிரே அமர்ந்திருந்ததைக் காண்பீராக, அன்புடையீர்.

அச்சகத்தில் நாற்பதாண்டு மெய்ப்புப் பார்த்தவர்கள் அவர்கள். மூத்தவர் மூலத்தை உரக்கப் படிப்பார். இளையவர் அச்சிட்ட தாளில் கண்ணோட்டி, சொல் பிறழ்ந்த இடத்தில் கரிக்கோலால் மேசையை ஒருமுறை தட்டுவார். பணி ஓய்ந்த பின்னும் நாளிதழில் இரு படிகள் வாங்கி அவ்வழக்கத்தை விடாது நடத்திவந்தனர். ஒரே கருவில் உருவாகி, ஒரே சோற்றை உண்டு, ஒரே தொழிலில் முதுகு வளைந்த இருவருள் இளையவர்க்கு அறிவு தீட்டிய கத்தியாய் இருக்க, மூத்தவர்க்கோ வரி தாவியது, சொல் நழுவியது, இறந்த மனைவியின் பெயரும் அகன்றது. இந்த ஓரவஞ்சனையை யாரிடம் முறையிடுவது? எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் பத்து வரிக்குள் பதினேழு முறை தட்ட நேர்ந்தது. மூத்தவர் தாளை மடித்து வைத்துவிட்டு விம்மி அழுதார். நெஞ்சுருகிய இளையவர் மறுநாள் முதல் தட்டுவதை நிறுத்தினார். பிழைகள் மலிந்தன, அண்ணன் முகமலர்ந்து படித்தார். இரக்கம் வென்றதென்று எண்ணினார் தம்பி, பாவம்.

ஏழாம் நாள் மூத்தவர் நடுவில் நிறுத்தி, எதிரிலிருந்தவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாரு? என் தம்பி எங்க?"

"நான்தாண்ணே உன் தம்பி."

"சும்மா கதை விடாதீங்க. நான் தப்புத் தப்பாப் படிக்கிறேன், எனக்கே தெரியுது. அவன் இருந்தா ஒண்ணு விடுவானா? மேசையே உடைஞ்சிருக்கும்." வாசற்பக்கம் பார்த்தார். "போயிட்டானா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

இளையவர் கரிக்கோலை எடுத்தார். "படிண்ணே" என்றார். பிறழ்ந்த சொல் ஒவ்வொன்றுக்கும் மேசை அதிர்ந்தது, ஒன்றும் தப்பவில்லை. படித்து முடித்த மூத்தவர், அயலார்க்குக் காட்டும் மதிப்போடு தலையசைத்தார்.

"நல்லாப் பார்க்கிறீங்க. என் தம்பி இருந்திருந்தா, உங்களை அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்."

அன்றுமுதல் நாள்தோறும் அவ்வறையில் கரிக்கோல் ஒலிக்கிறது. மறைந்த தம்பிக்காக அண்ணன் அழுகிறார். தேற்றும் பணி தம்பியுடையது. நினைவு மங்கியவர்க்கு அவ்வழுகை மாலைக்குள் மறந்துபோகிறது. மங்காதவர்க்கோ ஒரு சொல்லும் மறப்பதில்லை.