அமைதியானவர்களின் கடல்

ஸ்டெபி வற்புறுத்திக் கூப்பிட்டதால்தான் அவளுடைய அக்கா கிளாடிஸ் அந்தக் கண்காட்சிக்கு வந்தாள்.

தூத்துக்குடி பீச் ரோட்டில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைச் சுத்தம் செய்து, கறுப்புத் துணி கட்டி, பெரிய திரை வைத்திருந்தார்கள். திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி. உட்காருகிறவர் நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டால், அது மூளை அலைகளை அளந்து கணினிக்கு அனுப்பும். மனம் அமைதியாக இருந்தால் திரையில் கடல் தெளிந்து, அடியில் முத்துச்சிப்பிகள் வாய் திறக்கும். மனம் கொதித்தால் மேலிருந்து கறுப்புக் கசடு இறங்கிச் சிப்பிகளை மூடும். சென்னையில் கலை படித்த ஸ்டெபி இரண்டு வருஷம் உழைத்துச் செய்தது அது. கடலை அழுக்காக்குவது மனித மனம்தான் என்று வாசலில் எழுதி வைத்ததும் அவள்தான். செலவை ஏற்றது கடலோரத்து ரசாயன ஆலை ஒன்று. யார் கொடுத்தால் என்ன, சொல்ல வந்ததைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தாள்.

கிளாடிஸின் புருஷன் ரெக்சன் சங்கு குளிக்கப் போனவன். அந்த ஆலையின் கழிவு வந்து விழுகிற பக்கம் முங்கி எழுந்த நாளெல்லாம் கண் எரியுது, நெஞ்சு அடைக்குது என்பான். போன வருஷம் மூச்சு முட்டிச் செத்துப்போனான். எதனால் என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரி செந்தில்முருகன். பட்டையை மாட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கடல் கண்ணாடியாகத் தெளிந்தது. சிப்பிகள் எல்லாம் ஒருசேரத் திறந்தன. கூட்டம் கைதட்டியது. "தினமும் காலைல தியானம் பண்ணுதேன், அதான்" என்று சிரித்தபடி எழுந்தார்.

ஸ்டெபி அக்காவைக் கூப்பிட்டாள்.

"எனக்கு எதுக்குளா இதெல்லாம்?"

"சும்மா உக்காருக்கா."

கிளாடிஸ் உட்கார்ந்தாள். திரையில் கடலடி மணல் தெரிந்ததும், "இங்கனதான் அவரு முங்குவாரு" என்று முணுமுணுத்தாள். கசடு விழத் தொடங்கியது. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் விழுந்தது. சிப்பி மறைந்து, மணல் மறைந்து, திரை முழுக்கக் கறுத்துப்போயிற்று. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

செந்தில்முருகன் குனிந்து, தன்மையாகவே சொன்னார். "அம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க. நம்ம டென்ஷன்தான் கடலைக் கெடுக்குது, பாத்தீங்களா?"

கிளாடிஸ் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே நடந்தாள். ஸ்டெபி பின்னாலேயே ஓடினாள்.

"கழிவைக் கொட்டுனவன் உக்காந்தா கடல் பளிச்சுனு இருக்கு. நான் உக்காந்தா கறுத்துப் போவுது. அவரை நான்தான் கொன்னேன்னு ஊரைக் கூட்டிக் காட்டுதியா?"

"அப்படி இல்லக்கா, அது மெஷின் பண்ணுதது..."

"மெஷினுக்கு யாருளா சொல்லிக் குடுத்தா?"

கிளாடிஸ் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

மறுநாள் கிட்டங்கி திறக்குமுன் ஸ்டெபி போய்க் கணினி நிரலைத் தலைகீழாக மாற்றினாள். இனி அமைதியாக உட்காருகிறவர் முன்னால்தான் கடல் கறுக்கும். அன்று வந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து கடலைக் கறுப்பாக்கிவிட்டு, முகம் சுளித்து எழுந்தார்கள். மெஷின் கெட்டுவிட்டது என்றார்கள். மாலைக்குள் ஆலை அனுப்பிய ஆள் வந்து பழையபடி மாற்றிவிட்டு, அவளுடைய கடவுச்சொல்லையும் முடக்கினான். சண்டை போட்டாள். ஒப்பந்தப்படி அது இனி ஆலையின் சொத்து என்றார்கள். முதலில் கையெழுத்துப் போட்டபோது அவள் அதைப் படித்துத்தான் போட்டிருந்தாள்.

கண்காட்சி முடிந்ததும் திரையையும் நாற்காலியையும் ஆலைக்கு எடுத்துப்போய், ஊழியர்கள் ஓய்வெடுக்கும் அறையில் வைத்தார்கள். மன அழுத்தம் குறைகிறதாம். திரைக்குக் கீழே ஸ்டெபியின் பெயரும் இருக்கிறது.

ரெக்சனின் வருஷ நினைவுப் பூசைக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். கிளாடிஸ் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பந்தியில் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றும்போது மட்டும் கேட்டாள்.

"அங்கன வேலை பாக்குதவங்களுக்கெல்லாம் இப்போ மனசு ரொம்ப லேசா இருக்காமே?"

ஸ்டெபி தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.