அடித்தல் திருத்தல் இல்லை

கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்கடைக்காரன் ஷோகேஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கணக்கு வாத்தியார் உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒப்பந்தம். பார்த்ததுமே கடைக்காரனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வீட்டை உனக்கே விற்கிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டு எட்டு வாரம் ஆகிறது. அடுத்த வாரம் பத்திரப்பதிவு. இந்த நேரத்தில் விடிந்ததும் விடியாததுமாகக் கடை தேடி வருகிற மனுஷன் நலம் விசாரிக்கவா வருவார்?

"உட்காருங்க சார்" என்றான். தான் உட்காரவில்லை. அதை மரியாதை என்று நினைத்தீர்களானால் ஏமாந்தீர்கள். மேலேயிருந்து அவருடைய வழுக்கையைப் பார்ப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

வாத்தியார் சுற்றி வளைக்கவில்லை. "வீட்டை விக்கறதா இல்லப்பா. வாங்கின முன்பணத்தை அப்படியே திருப்பித் தந்துடறேன்."

"ஏன் சார்?"

"அவளுக்குக் கண்ணு போயிடுச்சு."

அவள் என்றால் அவர் மனைவி. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இருப்பது இரண்டே பேர். அந்த அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். இன்னும் மூன்று வருஷம் தாங்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான், இருக்கிற வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட் ஒன்றுக்குப் போகலாம் என்று இவர் முடிவு செய்தார். கையெழுத்துப் போட்ட மூன்றாம் வாரம் ஒரு கண் போனது. ஆறாம் வாரம் இன்னொன்றும் போய்விட்டது.

"அந்த வீட்டுல அவளுக்குக் கண்ணு வேணாம்ப்பா" என்றார் வாத்தியார். "கட்டில்லருந்து சமையக்கட்டுக்குப் பதினாலு அடி. சுவத்தைத் தடவிக்கிட்டே போறா, டீ போட்டு எடுத்துட்டு வர்றா. போன வாரம் அந்த ஃபிளாட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். வாசப்படியைத் தாண்டலை. ஒரு மணி நேரம் என் சட்டையைப் பிடிச்ச கையை விடலை. அங்க கொண்டுபோய் வச்சா ஒரு மூலையில உட்காருவா. அப்புறம் எழுந்திருக்கவே மாட்டா."

நெஞ்சில் ஈரம் இருக்கிறவன் அங்கேயே ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டிருப்பான். அந்த வீடு கிடைக்காவிட்டால் கடைக்காரனுக்குக் குடி ஒன்றும் முழுகிவிடாது. அவன் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை. "சுவரெல்லாம் ஈரம். ஊர்ல வேற வீடே இல்லையா? எவனோ நம்ம தலையில கட்டப் பார்க்கறான்" என்று தினம் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் வாங்கியது சுவரை இல்லை, வாத்தியாரை.

ஆறாம் வகுப்பில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. "நீ ஒண்ணு அடிச்சா நான் ஒண்ணு அடிப்பேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், சிரித்துக்கொண்டேதான் அடிப்பார். மர ஸ்கேல். ஒருநாள் இவன் நோட்டில் பதினொரு அடித்தல். வகுப்பே சேர்ந்து சத்தமாக எண்ணியது. உள்ளங்கை வீங்கிவிட்டது, வீங்கிய கையால் மறுநாள் எழுதினால் எப்படி இருக்கும்? பதினாறு அடித்தல். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே 'அடித்தல்' என்று ஆயிற்று. கல்யாண மண்டபத்தில் கூட ஒருத்தன் மேடைக்கு வந்து "என்னடா அடித்தல்" என்று தோளைத் தட்டினான். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இத்தனைக்கும் வாத்தியாருக்கு இவனை நினைவே இல்லை. கண்ணாடிக்கடை வைத்திருக்கும் யாரோ ஒரு பழைய பையன், அவ்வளவுதான். அதுதான் இவனுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

"கையெழுத்துப் போட்டாச்சே சார்" என்றான். "இனிமே பின்வாங்க முடியாது."

"முடியும்ப்பா. வக்கீல் ஓரத்துல பேனாவால எழுதினாரே, யாருக்கு வேணாம்னாலும் ரெண்டு மாசத்துக்குள்ள விலகிக்கலாம்னு. நான் கேட்டுத்தானே எழுதினார். இன்னும் நாலு நாள் இருக்கு."

"எழுதினார். எங்க இருக்கு, காட்டுங்க சார்."

வாத்தியார் உறையிலிருந்து தாள்களை உருவினார். மூன்று பக்கம். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார். "கண்ணாடி சரியில்லை" என்று முணுமுணுத்தார்.

"அதுக்கென்ன சார், கடையில வந்துதானே உட்கார்ந்திருக்கீங்க" என்று கடைக்காரன் சோதனைக் கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினான். கண் பரிசோதிக்கும்போது வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகுவார்களே, அந்த வட்டச் சட்டம். காதில் அழுத்தமாகவே மாட்டினான். ஒரு வில்லையைச் செருகினான்.

"இப்ப தெரியுதா?"

"இல்லை."

இன்னொன்று. "இப்ப?"

"எழுத்து நல்லாத் தெரியுது. அந்த வரிதான் காணோம்."

"இதைப் போட்டுப் பாருங்க." மூன்றாவது. "இப்ப?"

வாத்தியார் தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். சட்டத்துக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"கடைசி வரியைப் படிங்க சார். சத்தமா."

"இதில் அடித்தல் திருத்தல் இல்லை" என்று படித்தார். படித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்றைக்கு வக்கீல் ஆபீஸில் நடந்தது இதுதான். ஓரத்தில் பேனாவால் எழுதி அம்புக்குறி போட்ட தாளை வாத்தியார் கையால்கூடத் தொடவில்லை. இந்தக் கிறுக்கலில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், சுத்தமாக அடித்துக் கொண்டுவாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். டைப்பிஸ்ட் பெண் சுத்தமாக அடித்தாள். அச்சில் இருந்ததை மட்டும் அடித்தாள், ஓரத்தில் இருந்ததை விட்டுவிட்டாள். வாத்தியார் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார், ஒற்றுப்பிழை தேடினார், ஒன்றும் இல்லை, 'பிரமாதம்' என்று கையெழுத்துப் போட்டார். பழைய தாள் குப்பைக்கூடைக்குப் போனது.

"நீ அன்னிக்கே கவனிச்சியா?" என்று கேட்டார்.

"கவனிச்சேன் சார்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க பார்த்து முடிச்ச தாள்ல நான் திருத்தம் சொல்றதா?"

வாத்தியார் சட்டத்தைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். எழுபத்துநான்கு வயது மனுஷர் எழுந்து நின்று கைகூப்பினார். கடைக்காரனுக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது. அடுத்த வாடிக்கையாளர் வருகிற வரைக்கும் அவரை அப்படியே நிற்க விட்டான்.

வக்கீல் வீட்டுக்கும் நடந்தார் வாத்தியார். கையெழுத்தான தாளில் இல்லாததைக் கோர்ட் ஏற்காது, விற்கத்தான் சொல்வார்கள் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

அடுத்த வாரம் பதிவு முடிந்தது. சாவி வாங்க அவனே வீட்டுக்குப் போனான். வாசலில் வாடகைக் கார் நின்றது. உள்ளே கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மனைவியிடம் வாத்தியார் வாய் திறக்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் நாலு நாள் தங்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். சாமான் ஏற்றும் வண்டியை மத்தியானத்துக்குச் சொல்லியிருந்தார்.

அந்த அம்மா சுவரைத் தடவிக்கொண்டு அவனிடம் வந்தார். கால் எதிலும் தடுக்கவே இல்லை. "யாருப்பா அது?"

"சார்கிட்டப் படிச்சவன்ம்மா."

"நல்லவேளை வந்தே. நாலு நாள் வீட்டைப் பார்த்துக்கப்பா. எதையும் இடம் மாத்தி வச்சிடாதே, எனக்குத் தெரியாமப் போயிடும்."

"மாத்த மாட்டேன்ம்மா" என்றான். அந்தச் சுவரை இடிக்க மறுநாள் காலையில் மேஸ்திரி வருவதாக இருந்தது.

டிரைவர் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காரில் உட்காரவைத்தார். வாத்தியார் சாவியை நீட்டினார்.

"கைப்பட ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க சார், வீட்டை ஒப்படைச்சிட்டேன்னு" என்று கடைக்காரன் தாளும் பேனாவும் கொடுத்தான்.

அவர் மேஜையில் குனிந்து எழுதினார். 'எங்கள் வீட்டை' என்று எழுதி நிறுத்தினார். எங்கள் என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். முழுசாக முடித்து நீட்டினார்.

"அடித்தல் இருக்கு சார்" என்றான் கடைக்காரன், வேறொரு தாளை வைத்தபடி. "திரும்ப எழுதுங்க."

இரண்டாவது தாளிலும் கை அதையேதான் எழுதியது. நாற்பது வருஷப் பழக்கம், சொன்னால் கேட்கிறதா? அடித்தார். மூன்றாவது தாள். அதிலும் 'எங்கள்'.

"கிளம்பலையா? நேரமாகுதே" என்று காரிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

வாத்தியார் பேனாவை வைத்தார். அவனை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அவன் யார் என்று தெரிந்துகொண்ட மாதிரி பார்த்தார். "அடித்தல்" என்று கூப்பிட்டார். பிறகு, மேஜையில் மூன்று தாள்கள் கிடக்க, வலது கையை அவன் முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தார்.

கடைக்காரன் அந்தக் கையைப் பார்த்தான். அதன்மேல் நாலாவது தாளை வைத்தான்.