அடுத்தது எது, கதிரு?

பஸ்ஸுக்குப் பின்னால் முப்பதடி விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள் பொற்கொடி. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள். கூடப் பிறந்த தம்பியைத் திருடன் மாதிரிப் பின்தொடர வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கடைசி ஜன்னலில் கதிரின் கை மட்டும் தெரிந்தது. கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தாளம் இருக்கும்வரை பயமில்லை.

கதிருக்கு முப்பத்தொரு வயது. எழுத்து தெரியாது, கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் பாட்டு ஒருமுறை காதில் விழுந்தால் போதும். மலுமிச்சம்பட்டியில் அவனைப் போன்ற பெரியவர்களுக்காக நடக்கும் பகல்நேர மையத்தில் சாமுவேல் பாட்டு வாத்தியார். பல் விளக்க ஒரு பாட்டு, சட்டைப் பொத்தானுக்கு ஒரு பாட்டு என்று கட்டிக்கொண்டே போன மனுஷன், கடைசியில் பஸ்ஸுக்கும் ஒன்று கட்டிவிட்டார். கஞ்சிராவைத் தட்டி, “அடுத்தது எது கதிரு?” என்று அவர் கேட்பார். “ஒத்தக்கால்மண்டபம், தாண்டு தாண்டு. மயிலேறிபாளையம், தாண்டு தாண்டு. கெணத்துக்கடவு, எந்திரி எறங்கு. அக்கா நிக்கிறா, கையப் புடி” என்று கதிர் வரிசையாகச் சொல்வான். ஒரு மாதமாகப் பொற்கொடி கூடவே பஸ்ஸில் வந்து கேட்டுக் கேட்டுப் பழக்கியிருந்தாள். இன்றைக்குத்தான் தனியாக.

“ஏனுங்க சார், கேக்கறதுக்கு ஆளில்லீனா அவன் என்னங்க பண்ணுவான்?” என்று காலையில் கேட்டாள்.

“தெரியலீங்க அம்மணி. பொறத்தால வாங்க, வேண்டாங்கல. ஆனா மூஞ்சியக் காட்டிப்போடாதீங்க” என்றார் சாமுவேல்.

தினமும் மூன்றரைக்கே அவனை அழைக்கக் கிளம்பியாக வேண்டும் என்பதால் எந்த வேலையிலும் அவள் நிலைத்ததில்லை. அம்மா இறந்த பிறகு, நிலையான சம்பளம் இல்லாமல் வீடு தாங்காது. கிணத்துக்கடவு ஸ்டாப்புக்கு எதிரிலேயே ஒரு தையல் கம்பெனி, நாலு மணி வரை வேலை, திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். கதிர் தனியாக வந்து இறங்கிவிட்டால் அந்த வேலை அவளுக்கு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மாரப்பன், கதிரை விடுதியில் சேர்க்கிற படிவத்தோடு வந்து நிற்பான். மாரப்பன் கெட்டவனில்லை. அதனால்தான் அவனோடு சண்டை போடவும் முடியவில்லை.

மயிலேறிபாளையம் தாண்டியது. கை தாளம் தப்பவில்லை. ஊர் நெருங்கியதும் பஸ் இடப்பக்கம் கீழ்ச்சாலையில் இறங்க வேண்டும்.

இறங்கவில்லை. நேராக மேம்பாலத்தில் ஏறியது.

பொற்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. ஊருக்குள் போகாமல் பொள்ளாச்சிக்கே விரட்டுகிற வண்டி இது. ஏற்றிவிடும்போது கிணத்துக்கடவில் நிற்குமா என்று சாமுவேல் கேட்டதற்குக் கண்டக்டர் தலையை ஆட்டியிருக்கிறார், இவரும் நம்பிவிட்டார். அவளாவது போர்டைப் பார்த்திருக்க வேண்டாமா? ஹாரனை அமுக்கிக்கொண்டே விரட்டினாள். பின்படியில் கதிர் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டான். வாய் திறந்து திறந்து மூடியது. ‘எந்திரி எறங்கு’ என்ற அதே வரியைத்தான் கத்திப் பாடுகிறான். பாட்டில் பாலமே கிடையாது.

பாலம் முடிகிற இடத்தில் கண்டக்டர் அவனை இறக்கிவிட்டு விசில் கொடுத்தார். கடையும் இல்லை, நிழலும் இல்லை. நின்றிருந்த தேங்காய் லாரிக்குப் பின்னால் வண்டியை அணைத்து நிறுத்தினாள் பொற்கொடி. இருபதடிதான். ‘கண்ணு’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவான். கூப்பிட்டால் திங்கட்கிழமையும் போய்விடும்.

மேலே போகிற சாலையில் லாரிகள் இரைந்தன. கதிர் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனான். பயந்தால் ரத்தம் வரும்வரை கடிப்பான். அவள் கால் தானாகத் தரையில் இறங்கியது. கடிக்கவில்லை. கையை இறக்கி டிபன் பாக்ஸைத் தட்டினான்.

“அடுத்தது எது கதிரு?”

சாமுவேலின் கட்டைக்குரலில் அவனே கேட்டான். பிறந்ததிலிருந்து தன்னிடம் தானே எதையும் கேட்டுப் பார்க்காதவன். கேட்டுவிட்டுக் காத்திருந்தான். வீட்டு மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிற பாலத்தை அண்ணாந்து பார்த்தான். மறுபடி தட்டினான்.

“பாலம்,” என்றான். பிறகு மெட்டில், “பாலத்துக்குக் கீழ, நட நட.”

கீழ்ச்சாலையில் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். பொற்கொடிக்கு அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே பாட்டின் கடைசி வரி நினைவுக்கு வந்து திடுக்கிட்டாள். அக்கா நிக்கிறா. ஸ்டாப்பில் எந்த அக்கா நிற்கிறாள்? கீழே அவனைத் தாண்டிப் போகவும் முடியாது, அந்த ஸ்கூட்டரைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் ஸ்டார்ட் செய்து, வந்த பாலத்திலேயே திரும்ப ஏறினாள். அந்தப் பக்கம் இறங்கி, வளைத்து, அவனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எங்கோ கீழே அவன் நடந்துகொண்டிருப்பான். லாரி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. “அடுத்தது எது கதிரு?” என்று ஹெல்மெட்டுக்குள் உரக்கக் கேட்டாள். பதிலையும் அவளே பாடிக்கொண்டு வண்டியை இன்னும் முறுக்கினாள்.