எவ்விடத்து வைன்

வாழையிலையில் மீன்குழம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று கோசலை யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய அண்ணன் வாமதேவன் ஒரு போத்தலைக் கும்பம்போல் ஏந்திக்கொண்டு வந்தார்.

அன்று அவள் கணவன் தவநேசனின் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து சாப்பிடும்வரை எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். புட்டு, நண்டு, மீன் என்று அவர் தின்றதெல்லாம் கோசலைக்குத் தெரியும். குடித்தது மட்டும் தெரியாது. இந்த வீட்டுக்குள் போத்தல் வரக்கூடாது என்று சட்டம் போட்டவள் அவள்தான். அவரும், தான் சமையல்காரராக இருந்த இத்தாலிய உணவகத்திலேயே குடித்து, வாய் கொப்பளித்து, ஏலக்காய் மென்றபடி வருவார். எதைக் குடித்தீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. போன கிழமை லா சப்பல் மெட்ரோ ரயில் நிலையப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரிடம் இனிக் கேட்கவும் முடியாது.

"பரோலோ," என்றார் வாமதேவன். ஊர்ச் சங்கத் தலைவர். வீட்டுக்குள்ளும் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பவர்போலத்தான் பேசுவார். "இத்தாலியிலை பியமோன் எண்டொரு இடம். அங்கையும் எல்லாத் தோட்டமும் சரிவராது. வெயில் விழுற சரிவுதான் வேணும். நெபியோலோ எண்டு ஒரு திராட்சை. வருசக்கணக்கா மரப்பீப்பாவுக்கை கிடக்கும். வைனுகளின்ரை ராசா."

அண்ணன் மனிதர்களையும் இப்படித்தான் விசாரிப்பார். முதலில் எந்த ஊர்; பிறகு, ஊரில் எவ்விடம். அதிலேயே சாதி தெரிந்துவிடும். தவநேசன் பெண் கேட்டு வந்தபோது இரண்டாவது கேள்விக்கு வந்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. உயிரோடு இருந்தவரை 'மச்சான்' என்று ஒருதடவை கூப்பிடவுமில்லை. செத்தால் எவ்விடம் என்பதை உயர்த்திக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

"அப்பா இது குடிக்கமாட்டார்," என்றாள் மகள் மிருணாளினி. "வாய் காயுது எண்டு சொல்லுவார்."

கோசலை நிமிர்ந்தாள். "உனக்கெப்பிடித் தெரியும்?"

மிருணாளினி பிரெஞ்சில் தொடங்கி, தாயின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்குத் திரும்பினாள். "வேலை முடிய நானும் அப்பாவின்ரை ரெஸ்ரோரண்டுக்குப் போறனான். ரெண்டு பேரும் ஒவ்வொரு கிளாஸ்." தோள்பையிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். "பார்பேரா."

வாமதேவன் கைபேசியில் தேடினார். முகம் மலர்ந்தது.

"நான் நினைச்சனான். இதுவும் பியமோன்தான். ஆனால் நல்ல சரிவெல்லாம் நெபியோலோவுக்குக் குடுத்திட்டு மிஞ்சின இடத்திலை நடுறது. அங்கத்தைச் சனம் நாளாந்தம் சாப்பாட்டோடை குடிக்கிற சாமான். கோசலை, படையலை எடுக்கிற வீடியோ கனடாவிலை இருக்கிற சொந்தக்காரருக்குப் போகுது. ஆக்கள் பாப்பினம்."

"என்னத்தை அண்ணை?"

"லேபிளை."

கோசலை மகள் பக்கம் திரும்பினாள். "அவரும் சாப்பாட்டோடையோ குடிக்கிறவர்?"

"ஓம். நீங்கள் கட்டிவிடுற மீன்குழம்போடை. அங்கை செய்யிற ஒண்டையும் தொடமாட்டார். குழம்புப் புளிக்கு இந்த வைன் புளிதான் சரியாம்."

கோசலை குழம்பை இலையின் நடுவில் வைத்தாள்.

"திற," என்றாள்.

"அப்ப இது?" என்று வாமதேவன் தன் போத்தலைக் காட்டினார்.

"நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை."

அவளே ஊற்றினாள். ஊற்றிப் பழக்கமில்லாததால் தம்ளர் நிரம்பி, கருஞ்சிவப்பாக விரல்களில் வழிந்தது. மிருணாளினி நீட்டிய துணியை வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

ஜன்னலில்லாத மாடிப்படியில் மூவரும் நின்றார்கள். சற்று நேரத்தில் படிவிளக்கு வழக்கம்போல் தானாக அணைந்தது. கோசலை இருட்டில் விரலை வாயில் வைத்துச் சப்பும் சத்தம் கேட்டது.

"எப்பிடி?" என்று கேட்டது வாமதேவனின் குரல். ஒலிபெருக்கி இல்லாத குரல்.

"புளிக்குது."

யாரும் விளக்கைப் போடவில்லை. சாத்திய கதவின் கீழ் இடுக்கில் குத்துவிளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக அசைந்துகொண்டிருந்தது.