முப்பத்தொரு கிராம் கடிகாரம்

காலை ஐந்து நாற்பதுக்குப் பார்த்தபோது வீடு முப்பத்தாறு மீட்டர் உயர்ந்திருந்தது.

இரவு படுக்கப் போகையில் உயரம் நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். மருந்தாளர் இரண்டு தடவை பார்த்து வைத்திருந்தார். இப்போது கைக்கடிகாரம் நூற்று நாற்பத்தெட்டு என்றது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் மாடி மூன்றாம் மாடியாகத்தான் இருந்தது.

"மோசம் போயிட்டேன். கடிகாரம் பொய் சொல்லுது. ஒரே ராத்திரியில வீடு மலையேறுமா?"

"வீடாவது ஏறிச்சே," என்றாள் மனைவி, தன் பையின் வாரை இறுக்கிக்கொண்டே.

அவள் தபால்காரி. நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர் நடப்பவள். ஊரெல்லாம் நடந்தவள் அவரோடு ஒரு தெரு நடந்ததில்லை. மலை முகட்டுப் பாதையில் பத்து நாள், அவரோடு நடக்க வேண்டும் என்று கேட்டாள். அவரும் உடனே சம்மதித்தார். உயரங்காட்டும் கடிகாரம் ஒன்று மட்டும் வாங்கிவிட்டால் கிளம்பிவிடலாம் என்றார்.

அதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

கடிகாரம் கனக்கக் கூடாது. கடை கடையாகக் கெஞ்சி வாங்கிவந்து, களிம்புக்குப் பொடி நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். ஐம்பத்திரண்டு கிராம் ஒன்று. "பாறாங்கல்லைக் கட்டிக்கிட்டு மனுஷன் நடப்பானா?" என்று திருப்பிக் கொடுத்தார். நாற்பத்தேழும் அதே வழியில் போயிற்று. இதற்குள் மனைவி இரண்டு முறை விடுப்பைத் தள்ளிப்போட்டிருந்தாள். மூன்றாவது முறை கிடையாது என்று மேலதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார்.

கடைசியில் முப்பத்தொரு கிராமில் ஒன்று அகப்பட்டது. பட்டையில் மிஞ்சித் தொங்கிய நுனியை அன்றே கத்தரித்தார். ஒன்றரை கிராம் லாபம். பல் துலக்கும் பிரஷின் காம்பு அதற்கு முந்தைய மாதமே போயிருந்தது. அவருடைய உடம்பு தொண்ணூற்று நான்கு கிலோ. அது அந்தத் தராசில் ஏறாததால் கணக்கில் வரவில்லை.

கடிகாரத்தோடு படியிறங்கினார். ஒன்பது மீட்டர் குறைந்தது. மேலே வந்தார். ஒன்பது கூடியது. நான்கு தடவை செய்ததில் மூச்சு இரைத்தது.

"ஒன்பது மணி பஸ்," என்றாள் மனைவி. "பாதையில விடுற அனுமதி இன்னிக்குத் தேதிக்குத்தான்."

"கடிகாரக் கடை பஸ் நிலையத்துக்கு எதிர்லதானே? எட்டரைக்குத் திறந்துடுவாரு. நீ போய் சீட்டைப் பிடி. நான் மாத்திக்கிட்டு ஓடி வந்துடுறேன்."

"யாரு, நீங்க? ஓடி?"

கடைக்காரர் கடிகாரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பட்டையை எலி கடிச்சிடுச்சா சார்?"

"நான்தான் வெட்டினேன். கனம் குறையட்டுமேன்னு."

"வெட்டினதை மாத்தித் தர முடியாதே. சரி, என்ன கோளாறு?"

வீடு உயர்ந்த கதையை மருந்தாளர் சொன்னார். கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்.

"வீடும் ஏறல, கடிகாரமும் கெடல சார். இது காத்தோட அழுத்தத்தை வச்சுத்தான் உயரம் சொல்லும். மழை வரப்போகுது, அழுத்தம் இறங்கியிருக்கு. உயரம் கூடிடுச்சுன்னு இது நினைச்சுக்கும். உயரம் தெரிஞ்ச இடத்துல நின்னு நாமதான் திருத்தி வச்சுக்கணும். கூட வந்த தாள்ல முதல் வரியே அதானே?"

பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்காமல் மாத்திரை போடுகிறவர்களை இருபது வருடமாகத் திட்டி வருகிறவர் மருந்தாளர். கடிகாரத்தின் தாள் பதினெட்டு கிராம் இருந்தது. நிறுத்துப் பார்த்ததும் குப்பையில் போட்டிருந்தார்.

"மழைக்கு ஏமாறாதது ஏதாவது இருக்கா?" என்றார்.

"செயற்கைக்கோளைப் பார்த்துச் சொல்றது ஒண்ணு இருக்கு. அறுபத்தொரு கிராம்."

"அறுபத்தொண்ணா!"

ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அதை எங்கே குறைப்பது? முதுகுப் பையைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்தார். சோப்பைப் பாதியாக்கலாம். விரல் இருக்க ஸ்பூன் எதற்கு? மாற்றுக் காலுறையை ஒரு காலுக்கு மட்டும் எடுத்துப்போனால் என்ன என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. நிமிர்ந்து பார்த்தார். எதிரே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் மனைவி, காதில் போனோடு.

"ரெண்டே நிமிஷம்மா. முப்பத்தொண்ணா அறுபத்தொண்ணான்னு மட்டும் முடிவு பண்ணிட்டு வந்துடுறேன்."

அவள் பஸ்ஸின் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"டிரைவர் ஏறி உக்காந்துட்டாரு," என்றாள் பிறகு. "இங்க ஒரு பெரியவர் நின்னுக்கிட்டிருக்காரு. உங்க சீட்டுல உக்காரச் சொல்லட்டுமா?"